பழவேற்காட்டுக் கல்லறைகளும் நம் பங்கின் இறந்தோர் ஏடும்

நூற்றாண்டு யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஆலயம் எழும்பிய ஆண்டு, அடிக்கல் மந்திரித்த ஆயர், பங்குத்தந்தையரின் வரிசை, மணி வந்து சேர்ந்த கதை ஆகியவையெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம் பெற்றிருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது நம் கல்லறைத் தோட்டம். ஆனால் அங்கு வந்து சேர நான் பழவேற்காட்டைச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. வாசக அன்பர்கள் பொறுத்தருள்க.

நம் கல்லறைத் தோட்டத்தின் கீழ்ப்புறம், புளியமரத்தை ஒட்டி, 40-க்குச் சற்று மேற்பட்ட பழைய கற்கள் கிடப்பதை எல்லோரும் அறிவர். இவ்வூர் தனிப் பங்காகுமுன் கிளைக் கிராமமாக இருந்த காலத்தவை அவற்றில் பல. கல்லறைத் திருநாளன்று மந்திரிப்புக்குப் போகும்போது அந்தப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றுவார் எவருமில்லை. இடநெருக்கடியை முன்னிட்டு அக்கற்களை அகற்றி, தரையைச் சமப்படுத்தி, அடுக்குக் கல்லறை கட்டலாமென்று பங்குப் பேரவை ஒருமனதாய்த் தீர்மானித்தது. சென்னையில் இடமில்லாமல் அடுக்குக் கல்லறை முறை வந்து நெடுநாளாயிற்று. நமக்கும் அது என்றாவது வந்தே தீரும். அகற்றும் கற்களை மாதா கெபிக்குப் போகிற பாதையில் பதித்துவிடலாம், மழைக்குச் சேறாகாது என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன்; தீர்மானத்தில் கையெழுத்தும் இட்டேன்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கும் மூன்று இராசாக்கள் திருநாளுக்கும் இடையில் பங்குத்தந்தைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நாட்களில் பழவேற்காடு சென்று மகிமை மாதாவைத் தரிசித்து வருவதென்று நெடுநாளாய் எண்ணியிருந்தேன். சென்ற மார்கழியில் அது கைகூடிற்று. நம் உபதேசியாரும், இளைஞர் மன்றத்துத் தம்பி ஒருவரும் உடன் வந்தனர். விடியுமுன் புறப்பட்டுப் பொன்னேரியில் பேருந்து மாறி, பொழுது ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அங்கிருக்கிறது. பனி மூடி மறுகரை தெரியவில்லை. பூநாரைகள் வருகிற காலம் என்று தம்பி ஆசையோடு பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் கண்ணில் பட்டவை கொக்கும் நீர்க்காகமுமே. உபதேசியார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, “சாமி, நம்ம ஊர்ப் பனியைவிட இது உறைக்குதே” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

போர்த்துக்கீசியர் 1515-இல் இங்கே மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பினர். இப்பகுதியில் மிகப் பழைய கத்தோலிக்கத் தலங்களில் ஒன்று அது. பூசை கண்டு வெளியே வந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஒல்லாந்தர் கல்லறைகளையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அது ஒரு பொழுதுபோக்காகவே எனக்கு அப்போது பட்டது.

ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர் 1602-இல் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை அமைத்தனர். 1610-இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் சும்மா இருப்பார்களா? 1612-இல் வந்து அவர்களுடைய பண்டகசாலையை அழித்துவிட்டுப் போயினர். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்துவிட்டது. அதைக் கட்டி முடித்த வெம்மர் வான் பெர்கெம் என்பவர் தம் சொந்த மாநிலமாகிய கெல்டர்லாந்தின் பெயரைச் சூட்டி ‘கெல்திரியா’ என்று அதை அழைத்தார். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதிலும் ஒல்லாந்தர் வாணிகத்துக்கு இதுவே தலைநகரம். நம் நெசவாளர் நெய்து, சாயவேரால் சிவப்பும் அவுரியால் நீலமும் ஏற்றிய துணிகள் இந்தத் துறையில் கப்பலேறின. கீழைத் தீவுகளில் அவற்றைக் கொடுத்து மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாகப் போயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இன்று மண்மேடும் முட்புதரும்தான் காண்கிறோம்.

கல்லறைத் தோட்டமோ அப்படி இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது. 1656-இல் அமைந்தது என்பர். வாயிலின் இருபுறத்திலும் முழு எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பனிக்குள்ளிருந்து திடீரென்று அவை தோன்றவே தம்பி ஓரடி பின்வாங்கினார். உபதேசியார் மட்டும் அசையாமல் நின்று உற்றுப் பார்த்துவிட்டு, “சாமி, விபூதிப் புதனுக்கு நீங்க அரை மணி நேரம் பிரசங்கம் வைக்கிறீங்க. இவங்க வாசல்லயே ரெண்டு பேரை நிறுத்தி முடிச்சிட்டாங்க” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உள்ளே 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள். கூர்நுனிக் கோபுரம் போல் உயர்ந்து நிற்பவை சில. தரையோடு தரையாய்ப் படுத்த பெரும் பலகைக் கற்கள் பல. நம் கற்களில் எழுத்தைக் குழித்து வெட்டுவோம். இங்கே எழுத்தை நிறுத்திச் சுற்றிலும் உள்ள கல்லைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். ஆகவே எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. எத்தனை நாள் வேலையோ! உச்சி வெயிலில் போனால் இவற்றைப் படிக்க முடியாது என்று காவலர் சொன்னார். மார்கழிக் காலைச் சூரியன் தாழ்ந்து சாய்வாய் அடிக்கும்போது, ஒவ்வோர் எழுத்தின் நிழலும் பக்கத்தில் விழுகிறது. பனியில் நனைந்த கல்லும் கறுத்துவிடுகிறது. வெறும் பாறையாய்க் கிடந்தது பத்து நிமிடத்தில் எழுத்தாய் மலர்ந்ததை என் கண்ணால் கண்டேன். மண்டையோடும், குறுக்கே வைத்த எலும்புகளும், குடும்பச் சின்னங்களும், பூங்கொடி வேலைப்பாடும், மணற்கடிகாரமும் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. நம் நாட்டில் நாழிகை வட்டிலில் நீர் ஒழுகியது. அவர்கள் நாட்டில் மணல் ஒழுகியிருக்கிறது. பொருள் ஒன்றுதான்.

அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆயினும் ‘ஹியர் லைட் பெக்ராவன்’ என்ற தொடர் மீண்டும் மீண்டும் வருவதால், ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்’ என்பதைப் புரிந்துகொள்ளச் சிரமமில்லை. வணிகர், கம்பெனி அதிகாரிகள், அவர்தம் மனைவியர், பிள்ளைகள். பலருக்கு வயதையும் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். முதியவர்கள் குறைவு. காய்ச்சலுக்கும் பேதிக்கும் கம்பெனி அதிகாரி என்ற மரியாதை தெரியாது அல்லவா?

அங்கே எனக்கு ஒரு சிறு சங்கடம் ஏற்பட்டது. கல்லறைக்குள் நின்றால் ‘ஆழத்திலிருந்து’ என்னும் சங்கீதத்தைச் சொல்வது என் வழக்கம். இவர்களோ கால்வினியச் சபையார். இறந்தோருக்காக வேண்டுவதே தவறென்று நம்பியவர்கள். நம் கோயிலுக்கும் அவர்கள் கோட்டைக்கும் இருந்த பகையோ ஊரறிந்தது. அவர்கள் விரும்பாத ஒன்றை அவர்கள் தலைமாட்டில் நின்று செய்யலாமா? சற்றுத் தயங்கினேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. இங்கு வந்த ஒல்லாந்தரில் பலர் போர்த்துக்கீசிய-இந்தியக் குடும்பத்துப் பெண்களை மணந்தவர்கள். அப்பெண்களில் பலர் நம் குருக்களிடம் ஞானஸ்நானம் பெற்றுப் பிறகு கணவரின் சபைக்குப் போனவர்கள். இந்தக் கற்களின் கீழ் அவர்களும் இருக்கக்கூடும். சங்கீதத்தைச் சொல்லி முடித்தேன். சொல்லி முடித்தபோது, யாருக்காகச் சொன்னேன் என்று பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

நிற்க. பெயர் பொறித்த கற்களைப் பார்த்து முடித்தபின், இங்கே கல் இல்லாதவர்கள் யார் என்ற கேள்வி எழாமல் போகாது. துணிக்கு நூல் நூற்றவர், நெய்தவர், சாயம் தோய்த்தவர், மூட்டை சுமந்தவர், அலையில் படகு தள்ளியவர் ஆகிய எவருக்கும் இங்கே கல் இல்லை. அவர்களுக்காவது இந்த மண் இருந்தது. மண்ணும் இல்லாமல் போனவர்கள் உண்டு. துணியும் வெடிமருந்தும் போலவே மனிதர்களும் இந்தத் துறையில் சரக்காய் ஏற்றப்பட்டனர். 1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற சோழமண்டலத் துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேரை ஒல்லாந்துக் கம்பெனி அடிமைகளாய்க் கப்பலேற்றியது. பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் இந்த வாணிகம் பெருகியது. ஒருவேளைக் கஞ்சிக்கு வழியில்லாமல் பெற்றோர் பிள்ளைகளை விற்ற காலம் அது. வாங்கிய கம்பெனியின் கணக்கில் அவர்கள் எண்ணிக்கை, அவ்வளவே. ஒல்லாந்தரை மட்டும் குறைசொல்லி நாம் தப்ப முடியாது. போர்த்துக்கீசியரும் இதே தொழிலைச் செய்தவர்களே. அவர்கள் நம் மதத்தினர் என்பதால் இதை மறைப்பது குருவுக்கு அழகன்று.

கல் இல்லாமலும் பெயர் நிலைத்த ஒரு செய்தியும் இந்த ஊருக்குண்டு. 1630-களில் பழவேற்காட்டு ஒல்லாந்தருக்குக் குருவாயிருந்தவர் ஆபிரகாம் ரொகேரியுஸ். ஏறத்தாழ 10 ஆண்டுகள் இங்கிருந்தார். பதுமநாபன் என்ற அந்தணர் ஒருவரிடம் இந்நாட்டுச் சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நாடு திரும்பி 1649-இல் இறந்தார். அவர் எழுதியது 1651-இல் நூலாக வெளிவந்தது. பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாய் அதில் அச்சேறின. இன்று ரொகேரியுஸுக்குப் பழவேற்காட்டில் கல்லறை இல்லை. பதுமநாபனை எரித்த இடம் எவருக்கும் தெரியாது. ஆயினும் 370 ஆண்டுகளுக்குப் பிறகும் இருவர் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. ஒருவர் கேட்டதை மற்றவர் தாளில் எழுதி வைத்தார், அதுவே காரணம்.

திரும்பும்போது பேருந்தில் நான் அதிகம் பேசவில்லை. நம்மவருக்குக் கல் நடுவது புதிதன்று. இறந்த வீரனுக்குக் கல் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்பர். ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுக்கு எடுத்த கல்லும் அவற்றுள் உண்டு. அதை இன்றும் படிக்க முடிகிறது. அப்படியிருக்க, நம் புளியமரத்தடிக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது என்று, ஏழு ஆண்டுகளாக இந்தப் பங்கில் இருக்கும் நான் ஒருமுறையாவது குனிந்து பார்த்ததுண்டா? இல்லை. படிக்காமலே அகற்றக் கையெழுத்துப் போட்டேன்.

அதைவிட என்னை உறுத்தியது பழைய நினைவொன்று. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாளில், வேறொரு பங்கில், கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்கிறேன் என்று சாய்ந்தும் உடைந்தும் கிடந்த கற்களை ஆள்விட்டு அள்ளச் செய்தேன். நல்ல தட்டையான கற்களைக் குருமனைக் கிணற்றடியில் பாவினார்கள். ஓராண்டு கழித்து வெளியூரிலிருந்து ஒரு வயதான அம்மா வந்து, “சாமி, எங்க அம்மா கல்லு எங்கங்க?” என்று கேட்டார். தேடிக் கொடுக்க என்னிடம் ஒரு வரைபடமும் இல்லை, குறிப்பும் இல்லை. கிணற்றடிக்கு அழைத்துப் போக எனக்குத் துணிவும் இல்லை. தோட்டம் முழுவதையும் நோக்கிக் கும்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார். இதுவரை இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

இடம் பெயர்ந்த கல் யாரையும் குறிக்காது. சென்னைக் கோட்டைக்குள் புனித மரியா ஆலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கற்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கோட்டைக்கு வெளியே இடுகாட்டில் இருந்த அவை, 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை மறைந்து சுடுவதற்கு உதவின என்பதால் பெயர்த்தெடுக்கப்பட்டவை. கற்கள் இங்கே, எலும்புகள் அங்கே.

வீடு திரும்பியதும் நம் இறந்தோர் ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் திருமண ஏட்டையும் ஞானஸ்நான ஏட்டையும் பங்குகளுக்கு விதித்தது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் சேர்த்தது. இப்போதுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அடக்கம் முடிந்ததும் பதிவு செய்யும்படி கட்டளையிடுகிறது. குருமடத்தில் இவற்றைத் தேர்வுக்காகப் படித்தோம். அலுப்பூட்டும் எழுத்து வேலை என்றுதான் அன்று நினைத்தோம்.

நம் ஏட்டின் முதற்பகுதி இலத்தீனில் இருக்கிறது. ‘செபுல்துஸ் எஸ்த்’, அடக்கம் செய்யப்பட்டான் என்று ஒவ்வொரு வரியிலும் வருகிறது. செல்வர்க்கும் ஏழைக்கும் ஒரே வரிதான். ‘ஆண் குழந்தை, வயது 2 நாள், தகப்பன் பனையேறி, அவசர ஞானஸ்நானம் கொடுத்தவள் மருத்துவச்சி’ என்று ஒரு பதிவு. ஓர் ஐப்பசியில் ஒரே வாரத்தில் 11 பேர், காரணம் பேதி. கடைசி மூன்று பதிவுகளில் குருவானவரின் கையெழுத்து நடுங்கியிருக்கிறது. அவருக்கும் கண்டிருந்ததோ என்னவோ. இன்னொன்று: ‘வழிப்போக்கன், பெயர் தெரியாது, வயது சுமார் 50, கழுத்தில் உத்தரியம் இருந்தது.’ சாலையோரம் கிடந்த பிணத்தின் கழுத்தில் உத்தரியத்தைக் கண்டு, நம்மவன் என்று தூக்கி வந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அவனுக்குக் கல் நட யாரிருந்தார்? இந்த ஒரு வரியே அவனுக்கு வைத்த கல். நம் ஏட்டில் உள்ளவர்களில் நூற்றில் ஐந்து பேருக்குக்கூடக் கல்லிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஏடும் அழியாததன்று. 20 பக்கங்களைச் செல் அரித்துவிட்டது. அந்தப் பக்கங்களுக்குரிய ஆண்டுகளில் கல் உள்ளவர்கள் மட்டுமே இன்று நமக்கு மிச்சம். அவர்களைத்தான் கெபிப் பாதையில் பதிக்க இருந்தோம்.

தை மாதப் பேரவைக் கூட்டத்தில் என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சிலருக்கு வருத்தம். “இருக்கிறவங்களுக்கே இடமில்லை சாமி, போனவங்களுக்கு எத்தனை காலம் இடம் கொடுக்கிறது?” என்று ஒருவர் கேட்டார். அதில் நியாயம் இல்லாமலில்லை. கேட்டவர் சென்ற ஆண்டுதான் தம் தகப்பனாருக்கு இடம் தேடி அலைந்தவர். அடுக்குக் கல்லறை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லையும் படித்து, இருக்கும் இடத்தைக் குறித்து, ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பேசுவோம் என்றேன். பாஸ்கா வரை தவணை கொடுத்தார்கள்.

அலெக்சாண்டர் ரீ என்பவர் ஒல்லாந்தர் சின்னங்களைப் படங்களோடு 1897-இல் நூலாக்கினார். ஜே. ஜே. காட்டன் என்பவர் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை 1905-இல் தொகுத்து வெளியிட்டார். அவர்கள் எழுதி வைத்திராவிட்டால் மழை கரைத்துவிட்ட வரிகளை இன்று எங்கே போய்த் தேடுவது? நமக்கு அவ்வளவு பெரிய வேலையில்லை, 40 கற்கள்தாம். பழவேற்காட்டுக் காவலர் சொன்ன முறையே நமக்கும் பயன்பட்டது. ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் காலை ஆறரை மணிக்கு வந்து, ஈரத்துணியால் கல்லைத் துடைத்து, சாய்ந்த வெயிலில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். கம்பித் தூரிகையும் அமிலமும் கூடாதென்று கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறேன். தம்பி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார். உபதேசியார் நோட்டில் எழுதுகிறார். அவர் படத்தை நம்புவதில்லை.

இதுவரை 31 கற்களைப் படித்துவிட்டோம். 26 பேர் ஏட்டில் அகப்பட்டுவிட்டனர். நம் பழைய கோயில்பிள்ளை ஒருவரின் கல்லும் அதில் ஒன்று. அவர் பேரன் பேத்திகள் அடுத்த தெருவில் இருந்தும் அறியாதிருந்தார்கள். இந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு அங்கே மெழுகுதிரி ஏற்றுவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

புளியமர வேருக்குள் அகப்பட்ட ஒரு சிறு கல் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மேலே ஒரு சிலுவை. அதன் கீழ் முதல் எழுத்துகள் உடைந்துபோய், ‘...ம்மாள்’ என்று மட்டும் தெரிகிறது. அடுத்த வரியில் ‘மகள், வயது 9, மாசி மீ’. ஆண்டு இருந்த மூலை வேருக்குள் இருக்கிறது. வேரை வெட்டினால் கல் பிளக்கும். ஏட்டில் அந்த வயதில் மாசி மாதத்தில் இறந்த பெண் பிள்ளைகள் இருவர். ஒருத்தி மேலத்தெருக் குடும்பம், மற்றவள் குளத்தங்கரையிலிருந்து பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்ட குடும்பம். செல் அரித்த பக்கங்களில் மூன்றாவதாய் ஒருத்தியும் இருந்திருக்கலாம். தங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ, புளியமரத்தடியில் பிள்ளையை வைத்ததாக எப்போதாவது சொல்லக் கேட்டவர்கள் யாரேனும் இருந்தால், அருள்கூர்ந்து வந்து சொல்லுங்கள். காலைப் பூசை முடிந்து ஒரு மணி நேரம் நான் சக்ரீஸ்தில்தான் இருப்பேன். ஏடும் அங்கேயே இருக்கும்.